நீ அடையாளம் கண்ட செடி

இன்று காலை கெளுத்தி மீனை நானே கழுவினேன். முள் கட்டைவிரலில் ஏறிவிட்டது. மருமகள் களிம்பு எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். விண்விண்ணென்று தெறித்த விரலைப் பிடித்தபடி உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிதம்பரத்துத் தோட்டத்தையும்.

அறுபதுகளின் நடுவில், நமக்குக் கல்யாணமாகி மூன்று மாதம் இருக்கும். கடலூரிலிருந்து பாசஞ்சரில் போய் இறங்குவதற்குள் கோயில் நடை சாத்திவிட்டார்கள். மாலைவரை எங்கே இருப்பது? ஆபீசில் ஒருவர் சொல்லியிருந்த தோட்டத்துக்கு உன்னைக் கூட்டிப்போனேன். அழிந்துபோகிற செடிகொடிகளைக் காப்பாற்றி வளர்ப்பதற்கென்றே வைத்திருந்த தோட்டம். செடிக்குச் செடி தகரப் பலகையில் பெயர். உனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நான் சத்தமாகப் படித்துக்கொண்டே முன்னால் நடந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

கம்பிவலைக்குப் பின்னால் ஒற்றைத் தொட்டியில் ஒரு சின்னச் செடி சோர்ந்து கிடந்தது. நம் கடற்கரையில் இது அற்றுப்போய்விட்டது, மிச்சம் இந்த ஒன்றுதான் என்று பலகை சொன்னது. நீ குனிந்து பார்த்தாய்.

"இது எங்க ஊர்ல இருக்குங்க. உப்பங்கழி ஓரத்துல. கெளுத்தி முள்ளு குத்துனா இதத்தான் அரைச்சுக் கட்டுவோம்."

பக்கத்தில் நின்ற தோட்ட அதிகாரி சிரித்தார். "பாக்க அதே மாதிரி நெறைய இருக்கும்மா. நாங்க தேடாத எடமில்ல."

"இல்ல சார், இதேதான். கிள்ளி மோந்து பாருங்க, மாம்பிஞ்சு வாசன வரும்" என்று வலைக்குள் விரலை நுழைத்தாய்.

நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். "சும்மா இரு. படிச்சவுங்க சொல்றாங்கல்ல?" பிறகு அவரிடம், "வெவரம் தெரியாமப் பேசுறா சார், மன்னிச்சுக்குங்க" என்றேன்.

மாலையில் கோயிலுக்குப் போனோம். திரும்பும்போது ரயில் ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தாய். பரங்கிப்பேட்டை தாண்டியதும் சொன்னாய்: "அவுரு நம்பலன்னா பரவால்ல. அவுருக்கு நான் யாரோ. நீங்களும் நம்பலியே."

 அந்த வாரம் முழுக்க அந்தப் பேச்சு என் காதிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நானாகவே, "வா, காட்டு" என்றேன்.

உன் அப்பா வலை காயப்போடும் மேட்டுக்குப் பின்னால், கழியை ஒட்டிப் புதர் புதராக இருந்தது. ஓர் இலையைக் கிள்ளி என் மூக்கருகே நீட்டினாய். மாம்பிஞ்சு வாசனைதான். ஒரு கிளையை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு, மறுநாள் லீவு போட்டுச் சிதம்பரம் போனோம். அதிகாரி பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். பார்த்து முடித்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"எங்கம்மா கெடச்சுது?"

நீ சொல்வதற்குள் நான் சொன்னேன்: "அன்னைக்கு வெவரம் தெரியாமப் பேசுனது நான்தான் சார்." நீ முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாய்.

இரண்டு நாளில் ஜீப் வந்தது. ஆட்கள் மண்வெட்டியோடு புதர்ப் பக்கம் போனபோது நீ குறுக்கே போய் நின்றாய். "எல்லாத்தையும் பேத்துட்டா இங்க என்னா மிஞ்சும்? நாலு எடுத்துக்குங்க சார். மத்தது இங்கயே கெடக்கட்டும்." அதிகாரி யோசித்துவிட்டு ஆட்களைத் திரும்பிவரச் சொன்னார். நாலே செடிகளைத் தன் கையாலேயே வேரோடு எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம். அந்த ரயில் பேச்சை நீ ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில், பரிசோதனையில் ஒன்றுமில்லை, வயதுதான் காரணம் என்றார் டாக்டர். "இல்ல சார், உள்ள ஏதோ இருக்கு" என்று மெல்லச் சொன்னாய். நான் எழுந்து நின்றேன். "அவ சொன்னா இருக்கும் சார். இன்னொரு தடவ பாருங்க." பார்த்தார்கள். இருந்தது. உன்னைக் காப்பாற்றத்தான் முடியவில்லை.

இப்போதும் யாராவது வந்து, அங்கே ஒன்று பார்த்தேன் என்று சொன்னால், நம்பலாமா கூடாதா என்று யோசிப்பதில்லை. போய்ப் பார்க்கச் செருப்பைத் தேடுகிறேன்.