தெருமூடிமடத்தில் தனியே இருக்க

பெப்ரவரி 12, இரவு

இன்று ஒரு பொய் சொன்னேன். பருத்தித்துறையில் உள்ள ஒரு விடுதிக்கு அம்மாவின் போனில் எடுத்து, நான் பள்ளிக்கூட ரீச்சர், சனியும் ஞாயிறும் தங்க அறை வேண்டும் என்றேன்.

"எத்தினை பேர், ரீச்சர்?" என்று விடுதி அன்ரி கேட்டார்.

"ஒராள்."

பின்னேரம் அவர் திருப்பி எடுத்தபோது போனை அப்பா தூக்கிவிட்டார். "ரீச்சரோ? இஞ்சை அப்பிடி ஒருத்தரும் இல்லைப் பிள்ளை," என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பார்த்தார்.

அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். "எந்த ரீச்சரடி அது?"

அந்த ரீச்சர் நான்தான், சோதனை எழுதி முடித்துவிட்டேன், இரண்டு நாள் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்றேன்.

"துணைக்கு ஆர்?"

"ஒருத்தரும் இல்லை."

"கொப்பருக்கு நீயே சொல்லு. ரீச்சருக்கு நான் சொல்லித் தரவோ வேணும்?"

பயமாகத்தான் இருக்கிறது. அப்பா கத்த மாட்டார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ என்பார். பிறகு புட்டுப் பார்சல், குடை, மூன்று மணிக்குத் திரும்பும் பஸ்.

பருத்தித்துறையில் தெருவின் மேலேயே கூரை போட்ட பழைய கல் மடம் இருக்கிறது, அதுதான் தெருமூடிமடம். வழிப்போக்கர் களைப்பாறக் கட்டியது. துணைக்கு ஆர் என்று அவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த மடத்துக் கல்மேடையில் நான் தனியே இருக்கப் போகிறேன்.

விடிய அப்பா தேத்தண்ணி குடிக்கும்போது சொல்வேன். மறுத்தால் அடுத்த கிழமையும் கேட்பேன்.

விடுதி அன்ரிக்கு இப்போதுதான் மெசேஜ் அனுப்பினேன். நான் ரீச்சர் இல்லை. பெயர் யாழினி, வயது பதினெட்டு. அறையை வைத்திருங்கள்.