வரப்பில் நின்ற ஆமணக்கு

அன்பிலும் கேலியிலும் எனக்கு ஒருபோதும் குறைவைக்காத அக்காவுக்கு,

சுந்தரமூர்த்தி எழுதுகிறேன். உன் தம்பி, வயது ஐம்பது, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் தரக் கட்டுப்பாட்டு அலுவலர், நீ போன மார்கழியிலிருந்து வெள்ளானூரில் உன் அறுபது சென்ட் காய்கறித் தோட்டத்துக்கும் பொறுப்பாளன். இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றே. உன் தோட்டத்தில் நான் செய்த தவறை உன்னிடம் சொல்ல வேண்டும். சனிக்கிழமைதோறும் நம் காய்கறிக் கூடையை வாங்கும் பதினான்கு வீட்டாரும் அதை அறிய வேண்டும். அதனால்தான் மனத்துக்குள் சொல்லிக்கொள்ளாமல் எழுதுகிறேன்.

முதலில் தோட்டத்துச் செய்தி. நீ அதைத்தானே முதலில் கேட்பாய்? மாசி முடியப்போகிறது. காலைப் பனி நின்றுவிட்டது. கிணற்றில் இரண்டு படி வெளியே தெரிகிறது. அவரைக்கொடி ஓய்ந்துவிட்டதால் அதே பந்தலில் பீர்க்கை ஏற்றியிருக்கிறோம். வெண்டை நான்கிலை விட்டிருக்கிறது. கிழக்குப் பக்கத்து நிலத்தில் மனைக்கல் நட்டு நீல வண்ணம் அடித்துவிட்டார்கள். மோட்டார் அறை ஆணியில் உன் ஓலைத்தொப்பி அப்படியே தொங்குகிறது. இடத்தை மாற்ற ஒருநாள் கை நீட்டினேன். "அது அங்கியே கீட்டும் சார்" என்று, உன்னோடு தோட்டத்தில் வேலை பார்த்த செல்வி ஒரு பார்வை பார்த்தாள். நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

மூன்றாம் பாத்தியைப் பற்றிக் கடைசியில் சொல்லலாம் என்றிருந்தேன். சொல்ல வேண்டியதே அதுதான்.

கார்த்திகை மழை இரண்டு நாள் விட்ட இடைவெளியில், மூச்சு வாங்க வாங்க, அந்தப் பாத்தியில் நாட்டுத் தக்காளி நாற்றுகளை நட்டாய். "நாளைக்கு வெச்சா ஆகாதா?" என்று கேட்டேன். "நாத்து நாளைக்கு வரைக்கும் நிக்கும்டா ஆபீசர், மழை நிக்குமா?" என்றாய். ஒவ்வொரு நாற்றின் அடியிலும் உன் கட்டைவிரல் அழுத்திய குழி இருந்தது. நீ கடைசியாக நட்டவை அவைதாம். அப்போது அது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருந்ததா?

மார்கழிப் பிறப்பில் உன்னை ஆவடியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் விடுப்பெடுத்துத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டேன். பார்த்துக்கொள்வது என்றால் எனக்கு என்னவென்று உனக்குத் தெரியும். நான் வரைந்து வைத்திருந்த பாத்தி வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பைச் சுற்றி நடந்தேன். வரைபடத்தில் இல்லாத செடி எதுவும் நிலத்தில் இருக்கலாகாது என்று முடிவு செய்தேன். வடக்கு வரப்பு நெடுக ஆமணக்கு நின்றது. இலையெல்லாம் ஓட்டை. விற்கிற செடியில்லை, சமைக்கிற செடியில்லை. அரை நாளில் அத்தனையையும் வேரோடு பிடுங்கிக் குவித்தேன்.

மாலையில் உன் கட்டிலருகே அமர்ந்து, பாராட்டை எதிர்பார்க்கும் பிள்ளையைப் போல் அறிக்கை வாசித்தேன்.

"வரப்பெல்லாம் சுத்தம் பண்ணிட்டேன்க்கா."

"ஆமணக்கையுமா?"

"ஆமா. ஒண்ணு விடல."

மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்தாய். பிறகு சிரித்தாய். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "சரி வுடு. பூச்சிக்கு வேற ஊடு பார்த்துக் குடு."

குவார்ட்டர்ஸில் வளர்ந்த நீ, செல்வியோடு பேசிப் பேசி அவள் பேச்சையே எடுத்துக்கொண்டாய் என்று நினைத்தேனே தவிர, சொன்னது என்ன என்று நான் கேட்கவில்லை. நீயும் விளக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டாயா? எட்டாம் நாள் நீ இல்லை.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். மூன்றாம் பாத்தியில் இலைகள் சல்லடையாகிவிட்டன. இலையைத் திருப்பினால் பச்சைப் புழுக்கள் கூட்டம் கூட்டமாக. வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தேன். இஞ்சி, பூண்டு, மிளகாய் அரைத்து அடித்தேன். விளக்குப் பொறி வைத்தேன். அளவிலும் இடைவெளியிலும் பிசகவில்லை. புழுக்களும் தங்கள் வேலையில் பிசகவில்லை.

"பொறுக்கிப் போட்ரலாம் சார்" என்றாள் செல்வி. "அக்கா இருந்தா முக்காலியப் போட்டுகினு குந்தி ஒண்ணொண்ணா பொறுக்கும். நீ இன்னா சார், கணக்கெடுத்துகினே கீற?"

பொறுக்கினோம். ஒரு நாள், இரண்டு நாள். மூன்றாம் நாள் காலை, வரிசையின் முனையில் ஏழு செடிகள் வெறும் குச்சியாக நின்றன. உன் கட்டைவிரல் பட்ட ஏழு செடிகள். அன்று புதன்கிழமை. செல்வி வராத நாள். ஆவடிக்குப் போய்ப் பூச்சிமருந்து வாங்கி வந்தேன். நண்பகலுக்குள் அடித்து முடித்தேன்.

கையுறை போட்டுக்கொண்டேன். முகக்கவசம் அணிந்தேன். லேபிளில் இருந்த அளவுக்கு ஒரு சொட்டு கூட்டவில்லை, குறைக்கவில்லை. காலிப் பாட்டிலை மும்முறை கழுவினேன். ஒரு பெரிய விதியை மீறும்போது சின்ன விதிகளையெல்லாம் எத்தனை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன் பார்.

நம் வாசல் பலகையை எழுதியவன் நான்தான். அதன் நான்காம் விதி என் கையெழுத்திலேயே இருக்கிறது: "எவ்வகை இரசாயன மருந்தும் இத்தோட்டத்துக்குள் வராது. மீறி வந்தால், அது தொட்ட பாத்தியின் செடிகள் அகற்றப்படும், காய் விற்கப்படாது, வாங்குவோருக்கு அறிவிக்கப்படும்." அன்று நீ பலகையைச் சுற்றி வந்து, "எல்லாம் அழகா எழுதிட்ட. பூச்சி படிக்குமாடா?" என்று கேட்டாய். படிக்காதது பூச்சி மட்டுமில்லை, அக்கா.

மறுநாள் செல்வி வந்து பாத்தியைப் பார்த்தாள். "இன்னா சார், ஒரு புழு கூட காணோம்? அக்கா வந்து பொறுக்கிகினு போச்சா?" நான் வெண்டைப் பாத்திக்கு மண் கொத்துவதுபோல் குனிந்துகொண்டேன்.

செடிகள் தழைத்தன. மாசி முதல் வாரம் பழுத்தன. பறிக்கும் முன் மருந்து லேபிளில் சொன்ன நாள்களைவிட மேலும் ஒரு வாரம் காத்திருந்தேன். அது சட்டத்துக்குப் போதும். ஆனால் இந்த வீட்டார் நம்மிடம் சட்டத்துக்கு உட்பட்ட தக்காளியைக் கேட்கவில்லை. மருந்தே படாத தக்காளியைக் கேட்டார்கள். அந்த வேறுபாடு எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே பதினான்கு கூடைகளிலும் வைத்தேன். நீ நட்ட பழம் ஒருமுறையாவது உன் வாடிக்கையாளர்களின் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தோன்றியது. அது காரணம்தான், நியாயமில்லை.

திங்களன்று பூந்தமல்லியிலிருந்து நூர்ஜஹான் அம்மா தொலைபேசியில் அழைத்தார். நீ முதல் கூடை கட்டிய நாளிலிருந்து வாங்குபவர்.

"தம்பி, தக்காளி வந்துச்சுப்பா. ரசம் வெச்சேன். அதே புளிப்பு. உங்க அக்கா நட்டதா?"

"ஆமாம்மா."

"ஒரு வாய் குடிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு. மருந்தில்லாத காயி எங்க ஊட்டுப் புள்ளைங்களுக்குக் கிடைக்குதுன்னா அது அவங்க புண்ணியம். நீங்க விட்டுடாதீங்க, தம்பி."

அடுத்த சனிக்கிழமை, தக்காளி இல்லை என்று எல்லார் வீட்டுக்கும் செய்தி அனுப்பினேன். அதுவும் பொய். பழம் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"செடியில தொங்குது, இல்லைன்றியே சார்?" என்றாள் செல்வி. அப்போதுதான் அவளிடம் சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவள் தலையில் கட்டியிருந்த முந்தானையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு அப்பவே தெரியும் சார். மறுநாளே மோப்பம் புடிச்சிட்டேன். நீயா சொல்றியா இல்லியானு பார்த்துகினு இருந்தேன்." பிறகு வடக்கு வரப்பைக் கைகாட்டினாள். "அந்த ஆமணக்கு இருந்திருந்தா இவ்ளோ வந்திருக்காது சார். அந்தப் பூச்சிக்குத் தக்காளிய விட ஆமணக்குதான் இஷ்டம். அதுமேலதான் முட்ட வெக்கும். காலைல நானும் அக்காவும் அந்த எலைய மட்டும் கிள்ளி சோப்புத் தண்ணில போட்ருவோம். அக்கா அத்த 'பூச்சி ஊடு'ன்னுதான் சொல்லும்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ சிரித்ததன் பொருள் எனக்கு இரண்டு மாதம் கழித்துக் கிடைத்தது. வீட்டை நான்தான் இடித்தேன். வீடிழந்தவை மூன்றாம் பாத்திக்கு வந்தன. வந்தவற்றை நஞ்சு வைத்துக் கொன்றேன். இத்தனைக்கும் உன்னிடம் "ஏன்க்கா ஆமணக்கு?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். என் வரைபடத்தில் ஒரு கோடு கூடியிருக்கும், அவ்வளவுதான். நீயாவது கோபப்பட்டிருக்கலாம். ஏன் சிரித்தாய்? நான் வருத்தப்படுவேன் என்றா?

அக்கா, நேற்று காலை வேலைக்குப் போகும் வழியில் இறங்கி, தனியாக அந்தப் பாத்தியில் நின்றேன். செடியில் கை உரசினால் எழும் அந்தத் தக்காளி வாசம் உன் புடவையில் எப்போதும் இருக்கும். இந்தச் செடிகள் நிற்கும்வரை நீ கிணற்றடிக்குப் போயிருப்பதாகவும் இதோ வந்துவிடுவாய் என்றும் நினைத்துக்கொள்ள முடிந்தது. மருந்தை அடித்தது புழுவைக் கொல்ல என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் இந்த நினைப்பைக் காப்பாற்றத்தான் அடித்தேன்.

ஒரே ஒரு செடியை விதைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று செல்வி சொல்கிறாள். "வெதை இன்னா சார் பாவம் பண்ணிச்சு?" என்கிறாள். நீயும் அதையேதான் சொல்லியிருப்பாய். ஆனால் ஒரு செடிக்கு விலக்குக் கொடுத்தால், நான் மறுபடியும் எனக்கு வேண்டியதை மட்டும் காப்பாற்றியவனாவேன். இந்த ஒருமுறை உங்கள் இருவர் பேச்சையும் நான் கேட்கப்போவதில்லை.

வரும் சனிக்கிழமை, தோட்டத்தில் விளைந்த கீரையோடும் முள்ளங்கியோடும் இக்கடிதத்தின் நகல் பதினான்கு கூடைகளிலும் இருக்கும். நூர்ஜஹான் அம்மாவுக்கு மட்டும் நானே கொண்டுபோய்க் கையில் கொடுத்து, அவர் படித்து முடிக்கும்வரை நிற்பேன். அதற்கடுத்த வாரம் எத்தனை வீட்டார் கூடை கேட்பார்கள் என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். ஞாயிறு காலை மூன்றாம் பாத்தியின் செடிகளை, நீ நட்ட வரிசையிலேயே, ஒன்றொன்றாக என் கையால் பிடுங்குவேன். அவற்றை எருக்குழியில் போடமாட்டேன். அந்தப் பாத்தியிலிருந்து விற்பனைக்கு எதுவும் மூன்று ஆண்டுகளுக்கு வராது. பிறகு வடக்கு வரப்பு நெடுக ஆமணக்கு விதைப்பேன். வரைபடத்தில் அந்த இடத்துக்கு நீ வைத்த பெயரையே, நீ சொன்னபடியே, "பூச்சி ஊடு" என்று எழுதுவேன்.

இப்படிக்கு,
கேட்காமல் பிடுங்கிய உன் தம்பி,
ஆபீசர் சுந்தரமூர்த்தி