ஏழு அத்தியாயம் பேசிய அதிகாரி

புக்கிட் செலம்பாவ்
10 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் தங்கை ஈஸ்வரி எழுதுவது. நான் சுகம். உங்கள் உடம்பு எப்படி? ஐந்து மாதத்தில் இரண்டே கடிதம் போட்டிருக்கிறீர்கள், அதிலும் சோப்பு, பனியன் தவிர வேறு ஒன்றும் இல்லை.

பள்ளியில் வேலை அதிகம். அம்மா அப்பா போனபோதுகூட இந்த வீடு இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. உங்கள் வேன் வாசலிலேயே நிற்கிறது. ஃபாக்டரி பெண்கள் இப்போது வேறு வேனில் போகிறார்கள்.

இதோடு ஒரு நாவல் அனுப்புகிறேன். பயிற்சிக் கல்லூரியில் ஆங்கிலத்தில் படித்துவிட்டு நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது தமிழில் கிடைத்தது. எல்லோரும் எல்லோரையும் வேவு பார்க்கும் ஒரு நகரம். அதில் தபால் பிரிக்கும் ஒருவன் பிடிபடுகிறான். உலகம் முழுக்கக் கொண்டாடிய பழைய புத்தகம். கடைசி அத்தியாயத்தை அவசரப்படாமல் படியுங்கள்.

அன்புடன்,
ஈஸ்வரி


தடுப்பு முகாம்
2 ஏப்ரல் 2024

அன்புத் தங்கச்சி ஈஸ்வரிக்கு,

அண்ணன் காளிதாசன் எழுதிக்கொள்வது. புத்தகம் வந்தது. உள்ளே விட மாட்டார்கள் என்று நினைத்தேன். அதிகாரி அட்டையைத் தட்டிப் பார்த்தார், பக்கங்களை உதறினார். ஒன்றும் விழவில்லை.

"கதை புக்கா?"

"ஆமா சார்."

"கொண்டு போ லா."

அவ்வளவுதான். நீ நான்கு நாள் சாப்பிடாமல் கிடந்த புத்தகத்தைப் பார்த்து இங்கே யாரும் பயப்படவில்லை.

கோபித்துக்கொள்ளாதே, எனக்கு ஏமாற்றம்தான். கதையில் பிடிபட்டவனோடு அந்தப் பெரிய அதிகாரி ஏழு அத்தியாயம் உட்கார்ந்து பேசுகிறார். சின்ன வயதில் எதற்குப் பயந்தாய், யாரை நேசித்தாய் என்று கேட்கிறார். அவன் மனம் மாறினால்தான் அவருக்குத் தூக்கம் வருமாம். என்னைக் கொண்டுவந்த முதல் வாரத்தோடு கேள்வியெல்லாம் முடிந்துவிட்டது. இப்போது காலையும் மாலையும் தலையை எண்ணுகிறார்கள். விசாரணை கிடையாது, வழக்கு கிடையாது. நான் என்ன நினைக்கிறேன் என்பது இங்கே யாருக்கும் வேண்டியதில்லை. அது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அந்த எழுத்தாளருக்குத் தெரியவில்லை.

பக்கத்துப் படுக்கை பரஞ்சோதிக்கு அந்த ஏழு அத்தியாயத்தையும் வாசித்துக் காட்டினேன். கூலிம் ஊர்க்காரர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குடுத்து வச்சவன் லா அவன். பேசுறதுக்கு ஆள் இருக்கே" என்றார்.

அண்ணன்,
காளிதாசன்


புக்கிட் செலம்பாவ்
21 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் உயிராக நினைத்த புத்தகத்தை இப்படிச் சொல்லிவிட்டீர்களே என்று முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு யோசித்தேன். நான் ஃபேன் காற்றில் உட்கார்ந்து படித்தவள். உங்களிடம் வாதாட எனக்கு உரிமை இல்லை.

ஆனால் கடைசி அத்தியாயத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. தன்னைக் காட்டிக்கொடுத்த நண்பனை அவன் கடைத்தெருவில் பார்க்கிறான். ஒன்றும் கேட்காமல் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுக்கிறான். அந்த இடம் உங்களுக்கு எப்படி இருந்தது? மறைக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஈஸ்வரி


தடுப்பு முகாம்
14 மே 2024

ஈஸ்வரிக்கு,

மறைக்காமல் எழுதுகிறேன். புத்தகத்திலேயே மோசமான இடம் அதுதான். அந்த நண்பனை நாற்பது நாள் இருட்டறையில் போட்டு, நகத்தைப் பிடுங்கிய பிறகுதான் அவன் வாயைத் திறக்கிறான். அப்படிப்பட்டவனுக்கு யார்தான் ரொட்டி கொடுக்க மாட்டார்கள்? வந்தவர்களை உட்கார வைத்து, தேத்தண்ணி கலக்கிக் கொடுத்து, கேட்டதையெல்லாம் சொன்னவர்களை என்ன செய்வது? அதற்கு அந்த நாவலில் ஒரு பக்கம்கூட இல்லை.

முதல் வாரமே உன் வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். மலாயில் டைப் அடித்திருந்தது. கீழே உன் கையெழுத்து, பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கையில் போடுவதுபோல் அழகாக.

நீயே ஒரு வரி எழுதுவாய் என்று காத்திருந்தேன். புத்தகம் வந்தது.

காளிதாசன்


புக்கிட் செலம்பாவ்
9 ஜூன் 2024

அண்ணா,

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அன்று பள்ளி விட்டு வந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். போலீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் தமிழர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். "டீச்சர், உங்க அண்ணன் சனிக்கிழமை மத்தியானம் எங்க இருந்தாரு?" என்றார். வீட்டில் இருந்ததாகச் சொல் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அவரு கூட்டாளி இருளப்பன் வந்து கூப்பிட்டாரு சார், அண்ணன் வேனை எடுத்துட்டுப் போனாரு" என்று வந்துவிட்டது.

அவர் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் பொய் சொல்லியிருப்பேனோ என்னவோ. திரும்பி வந்து நீங்கள் பின் சீட்டைக் கழுவினீர்கள் என்பதை அவர் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை இருளப்பன் ஆட்கள் போட்ட சண்டையில் கை வெட்டுப்பட்டவரின் மகள் குணசுந்தரி என் மூன்றாம் ஆண்டு வகுப்பில் இருக்கிறாள். போலீஸ் வந்த அன்று காலை என்னிடம், "டீச்சர், அப்பாவுக்கு நான்தான் ஊட்டி விடுறேன்" என்று சொல்லியிருந்தாள்.

சொன்னது தப்பு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. விசாரணைகூட இல்லாமல் அடைத்துவைப்பார்கள் என்று நினைக்கவில்லை. உங்களிடம் மறைத்தது தப்பு. என் பாரத்தை ஒரு புத்தகத்தின் தலையில் ஏற்றி அனுப்பியது அதைவிடத் தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

ஈஸ்வரி


தடுப்பு முகாம்
3 அக்டோபர் 2024

அன்புத் தங்கச்சி ஈஸ்வரிக்கு,

பதில் போட நான்கு மாதம் ஆகிவிட்டது. உன் மற்றக் கடிதங்களும் வந்தன.

அன்று இருளப்பன் விருந்துக்குப் போக வேண்டும் என்றான். பின் சீட்டில் சாக்குக்குள் என்ன என்று நான் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்து பழகியவனிடம் எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டேன். நீ சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்தப் பிள்ளை ஊட்டி விடுவதைப் படித்தபின் எனக்கும் சோறு இறங்கவில்லை.

அடுத்த மாதம் விடப்போகிறார்கள். ஆனால் அவர்களிடம் கொடுத்த முகவரியிலேயேதான் இருக்க வேண்டும், வட்டாரத்தை விட்டு நகரக் கூடாது. முகவரி எழுத ஃபாரம் கொடுத்தார்கள். நம் வீட்டு எண்ணை எழுதிவிட்டு அடித்தேன். மெர்கோங்கில் மணியம் சித்தப்பா வீட்டை எழுதிக் கொடுத்தேன். அவரும் சரி என்று சொல்லிவிட்டார்.

இனி அடிக்கடி ஆள் வந்து விசாரிப்பார்களாம், எப்போது வந்தான், யாரோடு பேசினான் என்று. உன்னிடம் கேட்டால் நீ உண்மையைத்தான் சொல்வாய். வேறு மாதிரி உனக்கு வராது. அப்படியே இரு. ஆனால் உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று யோசிக்க என்னால் முடியாது. அது வீடாக இருக்காது.

உன்மேல் கோபம் இல்லை. இருந்தது, இப்போது தேடினாலும் கிடைக்கவில்லை. அதற்குப் பதில் வேறு என்ன வந்திருக்கிறது என்றும் தெரியவில்லை.

என் உடுப்புகளைச் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்பு. விடும் நாளில் நீ வர வேண்டாம். கடிதம் எழுது. பதில் போட எனக்கு நாளாகும்.

அண்ணன்,
காளிதாசன்