பார்க்கவில்லை என்று சொன்ன பயணி

ஜனவரி 14

இங்கே நார்வேயின் த்ரோம்சோவில் நேற்று ஒரே மேகம். என் ஓட்டுநர் ஐலு பயணிகளோடு வண்டியை ஷிபோட்டன் பள்ளத்தாக்குக்கு விட்டிருக்கிறான். அங்கே வானம் திறந்து, வடதுருவ ஒளி நன்றாகவே ஆடியிருக்கிறது. எல்லோருக்கும் படமும் எடுத்துக் கொடுத்தானாம். ஆனால் தெற்கே ஸ்டவாங்கரிலிருந்து வந்திருக்கும் உன்னி என்பவள் காலையில் என் சுற்றுலாக் கடைக்கு வந்து, "நான் ஒண்ணும் பாக்கல" என்கிறாள். ஒளியைப் பார்க்காதவர்களுக்கு மறுநாள் இலவசம் என்று வாசலில் பலகை மாட்டியவள் நான். வாயை மூடிக்கொண்டு இடம் கொடுத்தேன்.

ஜனவரி 15

மறுபடியும் அதே பாட்டு. ஒளி வந்தது, இவள் பார்க்கவில்லை.

ஐலுவுக்குச் சிரிப்பு. "உன் பலகைய உன்னவிட நல்லா படிச்சிருக்கா, மொதலாளியம்மா."

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? விஷயம் பரவினால் வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கவில்லை என்பார்கள். பலகையைக் கழற்றவும் முடியாது. ஒற்றை வண்டியை மூன்றாக்கியது அந்தப் பலகைதான்.

அதே நாள், மாலை

ஐலுவின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லோரும் வடக்கே அண்ணாந்து நிற்கிறார்கள். இவள் மட்டும் வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி. இரண்டு இரவும். திரும்பி நின்றுவிட்டால் பார்க்கவில்லை என்பது பொய்யில்லையே — கைகாரி. இன்று நானே போகிறேன்.

ஜனவரி 16

வானம் பச்சையாய்க் கொதித்தது. அவள் பக்கத்தில் போய் நின்றேன். "இப்பவும் தெரியலையா?"

"எந்தப் பக்கம்?"

நடிப்பு என்றே நினைத்தேன். பேசாமல் காபிக் கோப்பையை நீட்டினேன். அவள் அசையவில்லை. "காபி" என்றதும் அவள் கை காற்றைத் துழாவியது. இருட்டில் அவளுக்குக் கண் தெரியாதாம். வருடத்துக்கு வருடம் மோசமாகிறதாம்.

"மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா ஏத்தியிருப்பியா?"

மாட்டேன். அதையே சொன்னேன்.

கேமராவை முக்காலியில் வைத்து ஒரு படம் எடுத்து, திரையை அவள் மூக்கருகே பிடித்தேன். அந்த வெளிச்சம் அவள் கண்ணுக்கு எட்டியது. நெடுநேரம் பார்த்தாள்.

"இப்ப எடுத்ததுதானா? பழசக் காட்டி ஏமாத்தலையே?"

என்னிடம் கேட்கிறாள். அவளையே முன்னால் நிறுத்தி இன்னொன்று எடுத்தேன்.

அடுத்த ஆண்டு, பிப்ரவரி 3

உன்னி மறுபடி வந்தாள். கண்ணைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் பதிவு செய்தாள். இப்போது கேமராத் திரையும் அவளுக்கு வெறும் புகை.

"நீயே சொல்லு. என்ன இருக்கு மேல?"

மெல்லிய பட்டை ஒன்று. வெறும் கண்ணுக்குச் சாம்பல்; கேமராவில் அது பச்சையாக விழும். பச்சை என்று சொல்லித்தான் எல்லோருக்கும் விற்கிறேன்.

"சாம்பல்தான், உன்னி. இதெல்லாம் ஒளியில சேத்தியில்ல. நாளைக்கும் வா, இலவசம்."