வண்டிலின் பக்கத்தில் நடந்த பிள்ளைகள்

பிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஜாம் போத்தல் கண்ணில் படுகிறது. அடியில் கொஞ்சம் வெண்ணெய். பாலர் பள்ளியில் மகளின் கடைசி நாளன்று, பிள்ளைகள் போத்தலில் கிறீமை ஊற்றி மாறி மாறிக் குலுக்கி எடுத்தார்களாம். அதன் மணம் பட்டதும் உன்னைத்தான் நினைத்தேன்.

"வண்டில் ஆடுற ஆட்டத்திலையே வெண்ணெய் திரண்டிடுமாம். கடையிற வேலை மிச்சமடி" என்று நாம் படித்த காலத்தில் நூலகத்தில் சத்தமாகச் சொல்லி ஏச்சு வாங்கினாயே.

அமெரிக்காவில் மேற்கே குடிபோனவர்களின் கூடார வண்டில்களைப் பற்றி நாம் கட்டுரை எழுதிய வருடம் அது. விடியமுன் மாடு பூட்டுவது, வண்டிலின் கீழே தொங்கும் வாளியில் பாலாடை பொழுதுபடமுன் வெண்ணெயாவது, விறகில்லாத வெளியில் பிள்ளைகள் பொறுக்கிவரும் காய்ந்த சாணத்தில் சமைப்பது எல்லாம் உனக்குப் பிடித்தன. எனக்கோ ஒரு வரிதான் ஒட்டிக்கொண்டது: ஓடும் வண்டிலிலிருந்து குதித்த பிள்ளைகள் சில்லுக்கடியில் விழுந்து செத்தார்கள். தாய்மார் அவர்களைக் கட்டி வைத்திருக்க வேண்டும் என்று எழுதினேன். நீ வாசித்துவிட்டுச் சிரித்தாய்.

"எடியே, ஆறு மாசப் பயணம் முழுக்கக் கட்டி வைக்கிறதோ? பிறகு ஆர் சாணி பொறுக்கிறது?"

நாங்கள் நியூசிலாந்துக்கு, இந்த ஏவன்டேலுக்கு, வந்து மூன்று வருடம். வந்த வருடமே உன் அண்ணாவின் கடிதம் வந்தது. உனக்குக் காய்ச்சலாம். சண்டையால் பாதை பூட்டியிருந்ததால் வைத்தியரிடம் கொண்டுபோக இரண்டு நாள் பிந்திவிட்டதாம், அதற்குள் நீ போய்விட்டாயாம். இந்த மடலும் பிந்தித்தான் வருகிறது.

அதன் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகும்போது மகளின் கையை என் கையோடு சீலைத்துண்டால் கட்டத் தொடங்கினேன். பிறகு ரயிலடியில், கடையில், தெருவில்.

"அவளென்ன ஆட்டுக்குட்டியே?" என்றார் இவர்.

"ஓம், இப்போதைக்கு" என்றேன்.

இங்கே ஐந்து வயதானதும் பள்ளிக்கூடம். இன்று அவளுக்கு ஐந்து. பள்ளி வாசலில் முடிச்சைத் தானே அவிழ்த்தாள். "யூ ஸ்டே ஹியர், அம்மா" என்று துண்டை என் கையில் தந்துவிட்டுப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. மணி அடித்த பிறகும் வேலியடியில் நின்றேன். ஓர் ஆசிரியை வந்து ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மேலும் கால்மணி நேரம் நின்றேன்.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினேன். கழுவியதையே மறுபடி கழுவினேன். பள்ளி விடும் மூன்று மணிக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருக்கிறது. மணிக்கூட்டைப் பார்ப்பதும் உனக்கு இரண்டு வரி எழுதுவதுமாக இருக்கிறேன். ஆர் சாணி பொறுக்கிறது என்று நீ கேட்ட பிறகும் அந்தக் கட்டுரையை நான் திருத்தவில்லை.

நாளை காலை, வேலிப் படலையடியில் பால்காரர் வைத்துவிட்டுப் போகும் போத்தலை எடுத்துவரும் வேலையை அவளிடம் கொடுக்கப்போகிறேன். பன்னிரண்டு அடி தூரம். நான் கதவடியில் நிற்பேன். சீலைத்துண்டு என் கோட்டுப் பையில் இருக்கும்.