கணவாய் மை கக்கும் இடம்

ஒக்டோபர் 10, வெள்ளி

புழுக்கம். காற்று இல்லை. துறைமுகத்துத் தண்ணீர் எண்ணெய் பூசியதுபோல் அசையாமல். அலுவலகத்தில் வேலை: பதினொரு கடிதங்களுக்கு இலக்கமிட்டுப் பதிவது. ஒன்பதரைக்கே முடிந்தது. பட்டதாரிப் பயிலுநர்களாக வந்து பத்து மாதம். எனக்கும் றிசானாவுக்கும் (இனி றி.) சேர்த்து ஒரு மேசை, அரை ஆளுக்கான வேலை.

கணவாயிடம் இன்றும் தோல்வி. இரண்டு தடவை. மொத்தம் பதினாறு.

விளையாட்டுப் பெட்டி றி.யின் நானாவுடையது (அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாள்). கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்தார். கூட வேலை செய்த ஒருவர் ஊருக்குப் போகும்போது கொடுத்தாராம். உள்ளங்கை இரண்டை விரித்து வைத்த அளவு. எழுத்தெல்லாம் யப்பான் மொழி, ஒன்றும் விளங்காது. மேளம் அடிக்கும் விளையாட்டு என்பது மட்டும் விளங்கும். இயர்போன் செருகும் ஓட்டை உடைந்துவிட்டது. ஆகவே சத்தத்தை முழுதாகக் குறைத்து, கடிதங்கள் போடும் கோவை மட்டைக்குள் ஒளித்து வைத்து அடிக்கிறோம். நிர்வாக உத்தியோகத்தர் மிஸ் பத்தடி தூரத்தில்.

றி. சொன்னாள்: "நானா வாற வியாழன் பின்னேரம் வெளிக்கிடுறார். பெட்டியும் அவரோட போயிரும். நீ கொண்டு போய் அதுக்குள்ள கணவாய முடிச்சிரு புள்ள. எனக்கு விரல் வீங்கிட்டு."

"நானா முடிக்கேல்லையோ?"

"ஆறு மாசமா அதிலதான் நிண்டாராம். இப்ப தொடுறதே இல்ல. கேட்டா கோவம் வருது."

"ஏன் கோவம்?"

"எனக்கென்ன தெரியும்? கணவாயிட்டக் கேளு."

ஒக்டோபர் 11, சனி

வெயில். உடுப்புத் தோய்த்தேன். அப்பா நித்திரை. துறைமுகத்தில் இரவுக் காவல் என்பதால் எங்கள் வீட்டுக்குப் பகல்தான் இரவு. அம்மாவும் நானும் கையால் கதைப்போம். சட்டியை மெதுவாக வைப்போம். கம்பஸுக்குப் போன முதல் வாரம், விடுதியில் எல்லோரும் ஏன் கத்துகிறார்கள் என்று நினைத்தது ஞாபகம்.

ஒழுங்காக எழுதிப் பார்த்தால் பிடிபடலாம். தெரிந்தவை:

1. மேலே ஒரு கோடு. அதில் வலமிருந்து இடமாகப் புள்ளிகள் ஓடி வரும். சிவப்பு (சி) வந்தால் மேளத்தின் நடுவில் அடி. நீலம் (நீ) வந்தால் ஓரத்தில் அடி.

2. சரியாக அடிக்க அடிக்க எங்கள் ஆட்கள் முன்னே போய்ப் பெரிய பூதத்தைக் குத்துவார்கள். பிழைத்தால் பூதம் எங்களைக் குத்தும்.

3. ஒவ்வொரு ஊரின் முடிவிலும் ஒரு பூதம். பெயர்கள் நாங்கள் வைத்தவை. முதலாவது தேங்காய்த் தலையன் (அப்பாவி). இரண்டாவது நண்டு: புள்ளிகளை ஓடவைக்கும். மூன்றாவது பல்லுக்காரி: சிவப்பை நீலமாக்குவாள், ஆனால் அதற்கு முன் சிரிப்பாள். நான்காவதின் பெயரை றி. வைத்தாள், இங்கே எழுத ஏலாது, மிஸ்ஸுக்குக் கோபம் வரும்.

4. ஐந்தாவது கணவாய்: கடலில் பிடிக்கும் கணவாய் மாதிரியே உருவம். அதன் உயிர் பாதிக்குக் கீழே இறங்கியதும் கோட்டின்மேல் மை கக்கும். புள்ளிகள் மறைந்துவிடும். எத்தனை, என்ன நிறம், ஒன்றும் தெரியாது. அந்த இடத்தில்தான் பதினாறு தடவையும் விழுந்தோம்.

5. கணவாய்க்கு அப்பால் என்ன ஊர்? படத்தில் அது வெறும் முகில்.

மற்றப் பூதங்கள் எல்லாம் ஒரு அறிகுறி காட்டிவிட்டுத்தான் செய்கின்றன. கணவாய் மட்டும் ஏன் காட்டவில்லை? அல்லது காட்டியும் எங்களுக்குத் தெரியவில்லையா?

பரீட்சைத் தாளில் எழுதி வென்றதைத் தவிர நான் எதையும் வென்றதில்லை. வியாழனுக்குள் இதை வெல்ல வேண்டும். ஒருவருக்கும் சொல்லப்போவதில்லை. சும்மா வேண்டும்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்! பாதி.

மையின் ஓரம் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, இடது மூலையில். புள்ளி அங்கே வரும்போது ஒரு மயிரிழை நிறம் தெரிகிறது. மை வந்தபின் அடிக்காமல், தோற்றுத் தோற்று அதை மட்டும் பார்த்தேன். ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரே வரிசை:

சி சி நீ சி நீ நீ சி நீ சி

ஒன்பது. மாறவேயில்லை. அப்படியென்றால் ஏமாற்றவில்லை.

பாடமாக்கி அடித்தேன். விழுந்தேன். மீண்டும். விழுந்தேன். வரிசை சரி, ஆனால் ஆறாவதற்குப் பிறகு எல்லாம் பிழைக்கிறது. ஏன் ஆறுக்குப் பிறகு?

பின்னேரம் ஒரு முட்டாள்தனம். சத்தத்தை ஒரு துளி கூட்டிப் பார்த்தேன். ஒரு துளி என்றுதான் நினைத்தேன். பெட்டி யப்பான் மொழியில் ஏதோ கத்தி "தொம்!" என்றது.

அப்பா பாயிலிருந்து எழும்பிவிட்டார். "ஆரது? கேற்றில ஆர்?"

அம்மா: "ஒருத்தருமில்லை. படுங்கோ. உங்கட மகள்தான்."

"இவளோ? இவள் சத்தம் போட்டவளோ?" அதிசயப்பட்ட குரல். பிறகு திரும்பிப் படுத்துவிட்டார்.

சிரிப்பாக இருந்தது. சாப்பிடும்போதுதான் உறைத்தது. இந்த விளையாட்டின் பாட்டை நான் இதுவரை ஒரு தடவையும் கேட்டதில்லை.

ஒக்டோபர் 13, திங்கள்

காலையில் தூறல். பஸ்ஸில் நின்றபடி.

றி.யிடம் கேட்டேன், பாட்டு எப்படி என்று. அவள் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். "என்ன பாட்டு?" பிறகு இருவரும் மேசைக்குக் கீழே குனிந்து சிரித்தோம். மூன்று கிழமை மேளம் அடித்திருக்கிறோம், மேளச் சத்தம் கேட்காமல்! மேசையில் தலை வைத்து விக்கினாள். மிஸ் நிமிர்ந்து, "என்ன, சுகமில்லையோ?" என்றார்.

நானாவும் அப்படித்தானோ என்று கேட்டேன். இல்லையாம். கட்டாரில் அவர்கள் அறையில் பன்னிரண்டு பேர், எப்போதும் யாராவது நித்திரையாம். அதனால் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு சத்தமாக வைத்துத்தான் விளையாடுவாராம். வெளியில் வரிசையில் நிற்பவர்கள் திட்டுவார்களாம்.

அப்படியானால் கேட்டும் அவருக்கு ஏன் ஏலவில்லை? இது புதுக் கேள்வி. பாட்டுக் கேட்காததால்தான் தோற்கிறோம் என்ற என் விளக்கம் பாதியில் நொண்டுகிறது.

எங்கே கேட்பது? வீட்டில் ஏலாது. அலுவலகத்தில் ஏலாது. திரும்பும்போது சாம்பல்தீவு பஸ்ஸில் பின் ஆசனத்தில் முயன்றேன். சாரதி போட்ட பாட்டுக்கு முன்னால் கணவாயின் மேளம் கொசு.

ஒக்டோபர் 14, செவ்வாய்

வெயில், பின்னேரம் இடி. வேலை விட்டதும் கடற்கரை. தனியாக இருக்க வெட்கம், ஆனாலும் இருந்தேன். எங்கள் ஊரில் மாடுபோல் திரியும் மான்கள் இரண்டு யாரோ போட்ட கடதாசியைத் தின்றுகொண்டிருந்தன. சத்தத்தைக் கால்வாசி கூட்டினேன். முதல் அரை நிமிடம் அழகு. புல்லாங்குழல் மாதிரி ஒன்று, அதன் கீழே மேளம். நான் அடிப்பதுதான் அந்த மேளம்! என் விரலில் இருந்து வருகிறது.

கடலை விற்பவர் வண்டியை நிற்பாட்டினார். "என்ன பிள்ளை, கலியாணச் சத்தம்? ஆருக்கு?"

மூடிவிட்டேன். முகம் சுட்டது. அவர் கெட்ட மாதிரிக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டார். இருந்தாலும் ஏலாது. எழும்பி வந்துவிட்டேன். கடலை வாங்கினேன், ஏனென்று தெரியவில்லை.

இன்னும் இரண்டு நாள்.

ஒக்டோபர் 15, புதன்

அப்பாடா. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பத்து மணிக்கு மிஸ் ஒரு பழைய காணிக் கோவை தேடும்படி எங்களைக் கோவை அறைக்கு அனுப்பினார். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். சுவர் இரண்டு முழத் தடிப்பு. தரையிலிருந்து கூரைவரை கடதாசி. உள்ளே கதைத்தால் குரல் அப்படியே அமிழ்ந்துவிடுகிறது. நானும் றி.யும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்தோம்.

கோவையை முதலில் தேடி எடுத்தோம் (மனச்சாட்சி). பிறகு றி. கதவோடு முதுகைச் சாத்தி நின்றாள். சத்தம் முழுதாக.

பாதி உயிர். மை. கண்ணை மூடினேன்.

தொம் தொம் தக், தொம் தக் தக்... பாட்டு நின்றுவிட்டது. முழுதாக. புல்லாங்குழல் இல்லை, மேளம் இல்லை, ஒன்றுமில்லை. பெட்டி பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். ஒன்று, இரண்டு. பிறகு புல்லாங்குழல் மீண்டும் வந்தது, நானும் அடித்தேன்: தொம் தக் தொம்.

அதுதான்! ஆறுக்குப் பிறகு இரண்டு எண்ணிக்கை வெறுமை. ஞாயிறன்று நிறத்தை மட்டுமே பார்த்தேன், புள்ளிகளுக்கு நடுவே இருந்த அந்த இடைவெளியைக் கவனிக்கவில்லை. மற்றப் பூதங்கள் எதையாவது செய்து கெடுக்கின்றன. இது ஒன்றுமே செய்யாமல் நிற்கிறது, நாங்கள் பதறி அடிக்கிறோம்.

கதவில் தட்டு. அலுவலக உதவியாளர் ரத்தினம் அண்ணன். "உள்ளுக்க என்ன பிள்ளையள் சத்தம்?"

றி.: "எலி, அண்ணன்."

"எலி மேளம் அடிக்குமோ?"

"இது அரசாங்க எலி அண்ணன். வேலையில்ல, அதான்."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். இரண்டாம் தடவை கணவாயின் உயிர் ஒரு நகக்கண் அளவுக்கு வந்தது. இன்னும் நாலு அடி. திரை கறுத்தது. மின் தீர்ந்துவிட்டது. மின்னேற்றும் வயர் குறிஞ்சாக்கேணியில், றி.யின் வீட்டில், நானாவின் பயணப் பையில்.

"நாளைக்கு வீட்டுக்கு வா" என்றாள் றி. "நீயே வந்து குடு. எல்லாரும் இரிப்பாங்க, பயப்படாத."

எல்லோரும் இருப்பார்கள் என்பதுதான் பயமே.

ஒக்டோபர் 16, வியாழன்

மழை வரவில்லை. அரைநாள் லீவு. கிண்ணியா பஸ், பிறகு ஓட்டோ.

வீடு நிறைய ஆட்கள். நடுவில் நீலப் பயணப் பெட்டி ஒன்று, ஏற்கெனவே கயிறு கட்டி. தொதல் இனிப்பு, மாசிக் கருவாட்டுத் தூள் வாசம். றி.யின் உம்மா: "வாங்க மகள், இரிங்க. மெலிஞ்ச புள்ள! தேத்தண்ணி குடிங்க." கதிரையின் நுனியில் இருந்தேன்.

நானா உயரம், கதைப்பது குறைவு. விளையாட்டுப் பெட்டியை வாங்கி வயரில் செருகி அலுமாரி மேல் வைத்தார். என்னைப் பார்க்காமலே, "முடிச்சிட்டீங்களா தங்கச்சி?"

"இல்லை நானா. கிட்ட வந்தனான்."

"அத விடுங்க. அது சரிவராது."

றி. விடவில்லை. "இவ கண்டுபிடிச்சிட்டா நானா! நீங்க ஆறு மாசம், இவ ஆறு நாள்." எல்லோரும் சிரித்தார்கள். "அடிச்சுக் காட்டட்டும்" என்றாள் றி.யின் மச்சி ஒருத்தி. விளையாட்டுப் பெட்டி இன்னும் உயிர் பெறவில்லை. உம்மா கரண்டியோடு குசினி வாசலில் இருந்து, "அந்தச் சூட்கேசில அடிங்க மகள், சும்மாதானே நிக்கிது" என்றார்.

பன்னிரண்டு, பதின்மூன்று முகங்கள். எப்படித் துணிந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. குந்தியிருந்து மூடியில் அடித்தேன். நடுவில் தொம், விளிம்பில் தக். நல்ல சத்தம் வந்தது. தொம் தொம் தக், தொம் தக் தக். கையைத் தூக்கி அப்படியே வைத்திருந்தேன்.

மச்சி: "என்ன, மறந்திட்டீங்களா?"

"இல்லை. அங்க பாட்டு நிக்குது." பிறகு மிச்சம் மூன்றையும் அடித்தேன்.

நானா என் பக்கம் திரும்பினார். முதல் தடவையாக. "எங்க நிக்குது? இன்னொருக்கா அடிங்க."

அடித்தேன். கையைத் தூக்கினேன்.

"அந்த இடத்தில உங்களுக்கும் கேக்கேல்லயா?"

கேள்வி எனக்கு விளங்கவில்லை. "ஒருத்தருக்கும் கேக்காது நானா. அங்க சத்தமே இல்லை. பாட்டே அப்பிடித்தான்."

அவர் பயணப் பெட்டியின்மேல் இருந்துவிட்டார். மற்றவர்கள் மீண்டும் தங்கள் கதைக்குள் போனபிறகு, மெதுவாகச் சொன்னார். கட்டாரில் அவருக்கு வேலை, நிலத்தில் கொங்கிரீட் தூண் இடித்து இறக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில். கூட நின்ற இரண்டு பேருக்குக் காது போய்விட்டது. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். "அந்த இடம் வரக்குள்ள எல்லாம் சத்தம் அறுந்து போகும். எனக்கும் தொடங்கிட்டு எண்டு நினைச்சன் தங்கச்சி. வீட்டில ஒருத்தருக்கும் சொல்லல்ல."

"வேற எங்கயாவது அப்பிடிக் கேக்காமப் போனதா நானா?" இன்று முதல் தடவை பார்க்கும் ஒருவரிடம் நான் இப்படிக் கேட்டேன்.

யோசித்தார். "இல்ல. அங்க மட்டும்தான்."

"அப்பிடியெண்டா அது கணவாய்."

"கணவாயா?"

றி. பெயர்க் கதையைச் சொன்னாள். அவர் சிரித்தார். "அங்க எங்கட ஆக்கள் அதுக்குச் சூப்பவைசர் எண்டு பேர் வெச்சிரிந்தாங்க" என்றார். இருந்தாலும் போனதும் காதைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்றேன். "ஓம், ஓம்" என்றார், றி. சொல்வதுபோலவே.

ஐந்து மணிக்குப் பெட்டி உயிர் பெற்றது. வயரைக் கழற்றாமலே, அலுமாரியோடு நின்றபடி அடித்தார். சத்தம் முழுதாக. பாதி உயிர். மை. ஆறு அடி. இரண்டு பெருவிரலும் மேலே நின்றன. குசினிப் பக்கம்கூட யாரும் கதைக்கவில்லை. பிறகு தொம் தக் தொம். இன்னும் இரண்டு முறை மை வந்தது, இரண்டு முறையும் நின்றார். கணவாய் சுருண்டு விழுந்தது. றி. கத்திய கத்தலில் தொட்டிலில் கிடந்த குழந்தை அழுதது.

படத்தில் முகில் விலகத் தொடங்கியது. நான் எட்டிப் பார்த்தேன். ஏதோ வெள்ளையாக, உப்பளமோ பனியோ. என்னைக் கூட்டிப்போக வந்த ஓட்டோக்காரர் வெளியில் ஹோர்ன் அடித்தார். நானா அந்த ஊரைப் பார்க்கவில்லை. பின்னே போகும் பொத்தானை அழுத்திக் கணவாய்ச் சண்டையை முதலிலிருந்து தொடங்கினார். செருப்பைத் தேடிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். மை வந்திருந்தது. அவர் அடிக்கவில்லை. பெட்டியைக் காதோடு வைத்து, அந்த இரண்டு எண்ணிக்கையையும் கேட்டுக்கொண்டு நின்றார்.