பட்டினி எலிகளுக்குக் கொழுக்கட்டை

அனுப்புநர்:
அ. சாரதாம்பாள்,
எலிக்கூண்டுத் துப்புரவுப் பணியாள் (நீக்கப்பட்டவர்),
காஜா பெராங், மலாக்கா.

பெறுநர்:
தலைமைக் கண்காணிப்பாளர் அவர்கள்,
கல்லீரல் ஆய்வுக்கூடம், மலாக்கா.

பொருள்: எலிகளுக்கு உணவிட்டதற்காக என்னை வேலையிலிருந்து நீக்கியது குறித்துப் புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பட்டினி போட்டிருந்த எலிகளுக்குக் கொழுக்கட்டை கொடுத்தேன் என்று சொல்லி, எழுத்தர் திரு. பொன்னுதுரை சென்ற மாதம் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். கொடுத்தது உண்மைதான்.

2. அன்று விநாயகர் சதுர்த்தி. கோயிலில் படைத்துவிட்டு நேரே வேலைக்கு வந்தால், பிள்ளையாரின் வாகனம் வெறுந்தட்டை நக்கிக்கொண்டிருக்கிறது. சாமிக்குப் படையல், வாகனத்துக்குப் பட்டினி என்பது எந்த ஊர் நியாயம்? உணவிடக் கூடாதென்று கூண்டில் தொங்கிய சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் இருந்திருந்தாலும் கொடுத்திருப்பேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

3. அந்த எலிகளை வைத்து ஆய்வு செய்யும் டாக்டர் ஜெயபாலன் விளக்கிய பின்பே விஷயம் புரிந்தது. பசி வந்தால் கல்லீரலின் உயிரணு தன்னுள் கிடக்கும் பழைய தட்டுமுட்டுகளையே தின்று பிழைக்குமாம். அதைக் காண, கல்லீரலை உறையவைத்து, மெல்லியதாகச் சீவி, ஈயம் கலந்த நீரில் ஊறவைத்து, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் மருந்தில் தோய்ப்பார்கள். தின்னும் இடங்கள் கரும்புள்ளிகளாகத் தெரியும். பசித்த எலிக்குப் புள்ளிகள் மிகுதியாக இருக்க வேண்டும்.

4. என் எலிகளுக்கு அப்படி இல்லை. மருந்து கெட்டதென்று டாக்டர் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கினார். மறுபடியும் அதே கதை. அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் நானே போய்ச் சொன்னேன். திரு. பொன்னுதுரை அன்றே உத்தரவு எழுதிவிட்டார்.

5. டாக்டரோ வேறொரு கூண்டை உண்மையாகவே பட்டினி போட்டு, என் எலிகளின் உறையவைத்து எஞ்சியிருந்த கல்லீரலோடு சேர்த்து ஒரே மருந்தில் தோய்த்துப் பார்த்தார். பசித்தவற்றில் புள்ளிகள் மொய்த்தன. என்னுடையவற்றில் அங்கொன்றும் இங்கொன்றும். மருந்தில் குறையில்லை, முறையும் சரி என்று உறுதியாயிற்று. என்னை ஆளனுப்பி அழைத்து, பூதக்கண்ணாடிக் கருவியில் பார்க்கச் சொன்னார். கொழுக்கட்டையின் மகிமையை இவ்வளவு பெரிதாக்கி யாரும் கண்டிருக்க மாட்டார்கள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த ஜீவன்கள் பசியோடு போகவில்லை என்பதிலும் எனக்குச் சந்தோஷமே. இனி ஒவ்வொரு சோதனைக்கும் உண்ட கூண்டு ஒன்று, பசித்த கூண்டு ஒன்று வேண்டும் என்கிறார் டாக்டர்.

6. ஆகவே என்னை மீண்டும் வேலையில் அமர்த்தி, உண்ணும் கூண்டை என் பொறுப்பில் விடும்படி வேண்டுகிறேன். மலேசியா பிறந்த களிப்பில் ஊரே விளக்கேற்றியிருக்கும்போது நான் மட்டும் வீட்டில் முடங்கிக் கிடப்பது அழகல்ல. இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று எழுதித் தந்தால் சேர்த்துக்கொள்வதாகத் திரு. பொன்னுதுரை சொல்கிறார். பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. பசித்த கூண்டின் சாவியை மட்டும் தயவுசெய்து என்னிடம் தர வேண்டாம்.

தங்கள் உத்தரவு வந்ததும் புறப்படத் தயாராக இருக்கும்,
அ. சாரதாம்பாள்

இடம்: காஜா பெராங், மலாக்கா
நாள்: 18.9.1963